‘ஹைப்போ’ என்று தொடங்கும் மருத்துவச் சொல்லைப் பிரித்துப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

நர்சிங், லேப் டெக்னீஷியன் படிப்புகளில் முதலாண்டு சேரும் பிள்ளைகளுக்கு மருத்துவ ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெரும்பாலும் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வருபவர்கள். அவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இந்த ‘ஹைப்போ’தான். ஹைப்போகிளைசீமியா, ஹைப்போநேட்ரீமியா, ஹைப்போதலாமஸ், ஹைப்போடெர்மிக் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக உருப்போடப் பார்க்கிறார்கள், பத்தாவது சொல்லுக்கு வரும்போது முதல் மூன்றும் கலந்துவிடுகின்றன.

‘ஹைப்போ என்றால் குறைவு’ என்று எல்லாருக்கும் தெரியும். அது மட்டும் தெரிந்திருப்பதால்தான் பாதிப் பிழைகள் வருகின்றன. எது குறைவு, எங்கே குறைவு, குறைவுதானா அல்லது ‘கீழே’ என்ற பொருளா, இதை ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். கேட்கும் வரிசையும் முக்கியம். கீழே இருப்பது அந்த வரிசைதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு. பக்கத்தை நீளவாக்கில் மூன்றாகப் பிரித்து தலை, நடு, வால் என்று எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் தட்டச்சு செய்வதைவிடக் கையால் எழுதுவது நல்லது, ஏனென்றால் எழுத்துக்கூட்டலில்தான் முதல் பொறி இருக்கிறது.

அடுத்து, சில ‘நடு’ சொற்கள். பதினைந்து தெரிந்தால் ஆரம்பிக்கப் போதும். கிளைக் என்றால் சர்க்கரை, நேட்ர் என்றால் சோடியம், கேல் என்றால் பொட்டாசியம், கால்ஸ் என்றால் கால்சியம், ஆக்ஸ் என்றால் ஆக்சிஜன், கேப்ன் என்றால் கரியமில வாயு, தெர்ம் என்றால் வெப்பம், டெர்ம் என்றால் தோல், குளாஸ் என்றால் நாக்கு, காஸ்ட்ர் என்றால் இரைப்பை, காண்ட்ர் என்றால் குருத்தெலும்பு, குரோம் என்றால் நிறம், வோல் என்றால் கன அளவு, ப்னியா என்றால் மூச்சு, பிளேசியா என்றால் திசு உருவாதல்.

சோடியத்துக்கு ஏன் நேட்ர், பொட்டாசியத்துக்கு ஏன் கேல் என்று கேட்காத பிள்ளை இல்லை. வேதியியல் பாடத்தில் சோடியத்தின் குறியீடு என்.ஏ., பொட்டாசியத்தின் குறியீடு கே. நேட்ரியம், கேலியம் என்ற லத்தீன் பெயர்கள் அந்தக் குறியீட்டில் மட்டுமல்ல, நோயின் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பதினொன்றாம் வகுப்பில் படித்ததுதான், இங்கே மறுபடி வருகிறது.

மூன்றாவதாக ஒரு பழைய லேப் ரிப்போர்ட். வீட்டில் யாருடையதாவது இருக்கும். அதில் இயல்பு அளவு அச்சிட்ட கடைசிப் பத்தி இருக்கிறதா என்று பாருங்கள், ஆறாவது படியில் அது வேண்டும்.

2. இது உண்மையிலேயே ஹைப்போதானா என்று எழுத்தைப் பாருங்கள்

காதால் கேட்டதை நம்பாதீர்கள். எச், ஒய், பி, ஓ என்று நான்கு எழுத்தும் வரிசையாக இருந்தால்தான் ஹைப்போ. எச், ஒய், பி, இ, ஆர் என்றால் ஹைப்பர், நேர் எதிர். எச், ஒய், பி, என், ஓ என்றால் ஹிப்னோ, அது தூக்கம். எச், ஐ, இரண்டு பி, ஓ என்றால் ஹிப்போ, அது குதிரை. மூளைக்குள் இருக்கும் ஹிப்போகேம்பஸ் கடற்குதிரை மாதிரி வளைந்திருப்பதால் அந்தப் பெயர், அதற்கும் குறைவுக்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வோர் ஆண்டும் விடைத்தாளில் யாராவது ஒருவர் ‘கேம்பஸுக்குக் கீழே இருப்பது’ என்று எழுதிவிடுகிறார்.

ஹைப்போவையும் ஹைப்பரையும் மாற்றிப் போடுபவர்களுக்கு நான் சொல்வது இது. மேட்டூர் அணை நிரம்பியதும் உபரி நீர் திறந்துவிடுகிறார்கள் என்று செய்தியில் வரும் இல்லையா, அந்த ‘உபரி’யும் கிரேக்க ‘ஹைப்ப’ரும் ஒரே வேரிலிருந்து வந்தவை. சமஸ்கிருதத்தில் உபரி என்றால் மேலே. அதேபோல உபதலைவர் என்பதில் வரும் ‘உப’வும் ‘ஹைப்போ’வும் உறவு. உபரி என்றால் அதிகம், உப என்றால் ஒரு படி கீழே. இதைச் சொன்ன பிறகு என் வகுப்பில் இந்த இரண்டையும் மாற்றுவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஒரு சின்ன விலக்கு. அடுத்து வரும் நடுச்சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் சில நேரம் ஹைப்போவின் ஓ விழுந்துவிடும். ஹைப்பாக்ஸியா என்பது ஹைப் + ஆக்ஸ் + இயா. இதை ‘ஹைப்போ + க்ஸியா’ என்று பிரித்துவிட்டு ‘க்ஸியா’ என்றால் என்ன என்று அகராதியைப் புரட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. வாலிலிருந்து பிரியுங்கள், தலையிலிருந்து அல்ல

எல்லாரும் தலையிலிருந்து தொடங்குவார்கள். ‘ஹைப்போ, சரி, குறைவு’ என்று மனம் முடிவுகட்டிவிட்டால் மீதியை அதற்கு வளைத்துப் படிக்கத் தோன்றும். அதனால் வாலை முதலில் பாருங்கள்.

‘ஈமியா’ என்று முடிந்தால் விஷயம் இரத்தத்துக்குள் நடக்கிறது. ‘ஐசம்’ என்று முடிந்தால் ஒரு நிலை. ‘யூரியா’ என்று முடிந்தால் சிறுநீர். வால் தெரிந்ததும் நடுவைப் பாருங்கள், தலையைக் கடைசியில் வையுங்கள். ஹைப்போகிளைசீமியாவை இப்படிப் படித்தால்: இரத்தத்தில், சர்க்கரை, குறைவு. தமிழ் வாக்கியம் போலவே வரிசை வந்துவிடுகிறது பாருங்கள். நம் மொழியில் வினையும் முடிவும் கடைசியில் வருவதால், பின்னாலிருந்து படிப்பது நமக்கு ஆங்கிலக்காரர்களைவிட எளிது.

வாலைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹைப்பாக்ஸியாவும் ஹைப்பாக்ஸீமியாவும் நல்ல உதாரணம். முதலாவது திசுவுக்குப் போதிய ஆக்சிஜன் இல்லை என்பது, இரண்டாவது தமனி இரத்தத்திலேயே ஆக்சிஜன் குறைவு என்பது. பெரும்பாலும் சேர்ந்தே வரும், ஆனால் இரத்த ஓட்டம் அடைபட்ட காலில் திசு ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும்போது மற்ற இடத்து இரத்தத்தில் ஆக்சிஜன் சரியாகவே இருக்கலாம். விரலில் மாட்டும் கருவி 98 காட்டும், கால் நீலமாகிக்கொண்டிருக்கும். ‘ஈமியா’ என்ற அந்த ஒரு வால்தான் இரண்டையும் பிரிக்கிறது.

4. நடுச்சொல்லைச் சரியாகப் பிடித்தீர்களா?

தமிழ்க் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும் ஜோடிகள் இரண்டு இருக்கின்றன, இரண்டையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஹைப்போதெர்மியா, ஹைப்போடெர்மிக். தெர்ம் வெப்பம் (தெர்மாமீட்டர்), டெர்ம் தோல் (டெர்மட்டாலஜிஸ்ட்). முதலாவது உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவது, இரண்டாவது தோலுக்கு அடியில் போடும் ஊசி.

ஹைப்போகேலீமியா, ஹைப்போகால்சீமியா. வேகமாகச் சொன்னால் வித்தியாசமே தெரியாது. ஒன்று பொட்டாசியம், மற்றது கால்சியம். ‘ஸ்’ ஒலி கேட்டால் கால்சியம்.

அப்புறம் ஹைப்போடென்ஷன். நாம் ‘டென்ஷன்’ என்பதைப் பதற்றம், எரிச்சல் என்ற பொருளில் நாள் முழுக்கப் பயன்படுத்துகிறோம். அதனால் ஹைப்பர்டென்ஷன் என்றால் ரொம்ப டென்ஷன் ஆகிறவர்களுக்கு வருவது, ஹைப்போடென்ஷன் என்றால் டென்ஷனே ஆகாதவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது படிக்கிற பிள்ளைகளோடு நிற்பதில்லை. ‘நான் நிம்மதியாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு மாத்திரை’ என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திய பெரியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. இங்கே டென்ஷன் என்பது இரத்தக் குழாய்ச் சுவரின் மேல் விழும் அழுத்தம், மனநிலை அல்ல. இதை வீட்டில் பெரியவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

5. இடமா, அளவா?

இதுதான் பெரிய படி, இதில் அவசரப்படாதீர்கள். ஹைப்போவுக்கு மூலப்பொருள் ‘கீழே, அடியில்’. அளவுக்குக் கீழே என்று விரிந்துதான் ‘குறைவு’ ஆனது. இரண்டு பொருளும் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

நடுவில் இருப்பது அளக்கக்கூடிய பொருளோ பண்போ என்றால் (சர்க்கரை, சோடியம், வெப்பம், அழுத்தம், நிறம்) அளவு. உடல் உறுப்பு என்றால் பெரும்பாலும் இடம். ஹைப்போதலாமஸ் மூளையில் தலாமஸ் என்ற பகுதிக்குக் கீழே இருப்பது, சிறுத்துப்போன தலாமஸ் அல்ல. ஹைப்போகுளாசல் நரம்பு நாக்குக்கு அடியில் போகும் பன்னிரண்டாம் மூளை நரம்பு. ஹைப்போகாஸ்ட்ரியம் அடிவயிற்றின் நடுப்பகுதி. ‘இரைப்பை சின்னதாக இருப்பது’ என்று எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் நிறையப் பேர்.

ஹைப்போகாண்ட்ரியம் என்பது விலாவின் குருத்தெலும்புக்குக் கீழே உள்ள பகுதி, வலப்பக்கம் கல்லீரல், இடப்பக்கம் மண்ணீரல். இல்லாத நோயை இருப்பதாக எண்ணி அஞ்சும் நிலைக்கு ஹைப்போகாண்ட்ரியா என்று பெயர் வந்ததும் இதனால்தான், மனச்சோர்வு அந்த இடத்து உறுப்புகளிலிருந்து கிளம்புகிறது என்று பழைய வைத்தியர்கள் நம்பினார்கள். பெயரைப் பிரித்தால் பொருள் வராத சொல் இது, அப்படியே தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இங்கே யாராவது கையைத் தூக்குவார்கள்: ‘அப்படியென்றால் ஹைப்போதைராய்டிசம்? தைராய்டு ஓர் உறுப்புதானே?’ நல்ல கேள்வி. மூன்றாவது படிக்குத் திரும்பிப் போங்கள், வால் என்ன? ஐசம். உறுப்பின் பெயரோடு ஐசம் சேர்ந்தால் அந்த உறுப்பின் வேலை குறைந்த நிலை. ஹைப்போபிட்யூட்டரிசம் (மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி), ஹைப்போகோனடிசம் (இனப்பெருக்கச் சுரப்பி) எல்லாம் இப்படித்தான். உறுப்பு + ஐசம் வேலை, உறுப்பு மட்டும் இடம். இந்த ஒரு வரி என் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பதிலேயே அதிகம் பயன்படுவது.

வேதியியலில் மூன்றாவது ஒரு பயன்பாடு உண்டு: ஆக்சிஜன் அணு குறைவு. குளோரேட்டில் மூன்று, குளோரைட்டில் இரண்டு, ஹைப்போகுளோரைட்டில் ஒன்று.

6. எது குறைவு என்று எண்ணோடு ஒட்டிப் பாருங்கள்

சொல்லைப் பிரித்ததும் நிறுத்திவிடாதீர்கள். ரிப்போர்ட்டை எடுத்து எந்த எண் குறைந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். சோடியம் 135க்குக் கீழே (லிட்டருக்கு மில்லிமோல்), பொட்டாசியம் 3.5க்குக் கீழே, சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை 70க்குக் கீழே (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்). லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும், அதனால்தான் கடைசிப் பத்தியைப் பார்க்கச் சொன்னேன்.

இங்கேதான் ஹைப்போதைராய்டிசம் எல்லாரையும் கவிழ்க்கிறது. ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 12 என்று இருக்கும், பல லேப்களில் இயல்பு அளவு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை, பக்கத்திலேயே ‘அதிகம்’ என்று குறியும் இருக்கும். உடனே ‘ஹைப்பர்தைராய்டு’ என்று எழுதிவிடுகிறார்கள். டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பதல்ல, பிட்யூட்டரி சுரப்பது, தைராய்டை வேலை செய்யச் சொல்லி விரட்டும் ஹார்மோன். தைராய்டு சுணங்கினால் பிட்யூட்டரி இன்னும் சத்தமாக விரட்டுகிறது, அதனால் டி.எஸ்.எச். ஏறுகிறது. ஹைப்போ என்பது சுரப்பியைப் பற்றியது, அந்த எண்ணைப் பற்றியது அல்ல. பெரும்பாலான ஹைப்போதைராய்டு ரிப்போர்ட்டில் ஏறிய டி.எஸ்.எச்.சைத்தான் பார்ப்பீர்கள்.

இதே மாதிரிதான் ஹைப்போடானிக் திரவம். ‘குறைவு, அதனால் செல் சுருங்கும்’ என்று எழுதுகிறார்கள். குறைவாக இருப்பது திரவத்தில் கரைந்துள்ள உப்பு. வெளியே உப்பு குறைவு, உள்ளே அதிகம், ஆகவே தண்ணீர் செல்லுக்குள் போகும், செல் வீங்கும். 0.9 சதவீத உப்புநீர் இரத்தத்துக்குச் சமம், 0.45 சதவீதம் ஹைப்போடானிக், 3 சதவீதம் ஹைப்பர்டானிக். சிவப்பணுவைத் தண்ணீரில் போட்டு மைக்ரோஸ்கோப்பில் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

மைக்ரோஸ்கோப் என்றதும், ஹைப்போகுரோமிக் என்ற சொல்லை அங்கேதான் சொல்லித்தர வேண்டும். இயல்பான சிவப்பணுவின் நடுவில் ஒரு வெளிறிய வட்டம் இருக்கும், அணுவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. இரும்புச்சத்துக் குறைந்தவரின் ஸ்மியரில் (கண்ணாடித் துண்டில் மெலிதாகப் பூசிய இரத்தத்தில்) அந்த வெளிறல் விரிந்து விரிந்து, சிவப்பு ஓரத்தில் மட்டும் மெல்லிய வளையல் மாதிரி நிற்கும். நிறம் குறைவு, ஏனென்றால் ஹீமோகுளோபின் குறைவு. இதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அந்தச் சொல்லை விளக்கவே வேண்டியதில்லை.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் ஹைப்போஎக்கோயிக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டு அக்கா ஒருவர் கழுத்து ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்து, ‘ஹைப்போன்னு போட்டிருக்கு, எனக்குத் தைராய்டு கம்மியாயிடுச்சா’ என்று கேட்டார். அந்த வரியில் குறைந்திருந்தது எதிரொலி. ஒலியலையை அனுப்பினால் அந்த இடத்திலிருந்து சுற்றுப்புறத்தைவிடக் குறைவாகத் திரும்பி வருகிறது, அதனால் படத்தில் கருஞ்சாம்பலாகத் தெரிகிறது. அது படத்தின் நிழலைச் சொல்லும் சொல், நோயின் பெயர் அல்ல. அந்தக் கட்டி என்ன என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், தைராய்டின் வேலையை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

7. ‘குறைவு’ வேறு, ‘இல்லை’ வேறு

இல்லை என்பதற்கு ஆங்கிலத்தில் வேறு முன்னொட்டு இருக்கிறது: அ, உயிரெழுத்துக்கு முன் அன். நம் ‘அநீதி’, ‘அநாதை’யில் வருவதும் இதன் உறவுதான். அனெக்கோயிக் என்றால் எதிரொலியே இல்லை, தண்ணீர் நிறைந்த கட்டி படத்தில் கறுப்பாகத் தெரிவது. ஆப்னியா மூச்சே நின்றுபோவது, ஹைப்பாப்னியா மூச்சு மேலோட்டமாகக் குறைவது. ஏபிளேசியா உறுப்பு உருவாகவே இல்லை, ஹைப்போபிளேசியா முழுதாக வளரவில்லை.

கடையில் வாங்கும் பொருளிலும் இது உதவும். ஹைப்போஅலர்ஜெனிக் என்று போட்ட சோப்பு ஒவ்வாமை வரும் வாய்ப்பைக் குறைத்துத் தயாரித்தது என்றுதான் பொருள், வரவே வராது என்று அர்த்தமில்லை. குழந்தைக்கு வாங்குபவர்கள் கவனிக்கவும்.

8. வாயால் சொல்லும்போது எண்ணையும் தமிழையும் சேர்த்துச் சொல்லுங்கள்

வார்டில் ‘ஹைப்போ’ என்று ஒற்றைச் சொல்லாகப் பேசும் வழக்கம் இருக்கிறது. சர்க்கரை இறங்கிய நோயாளியைப் பார்த்து ‘ஹைப்போ ஆயிட்டாங்க’ என்பார்கள். தரையில் சிந்திய இரத்தத்தைத் துடைக்க ‘ஹைப்போ எடுத்துட்டு வா’ என்றால் அது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். வேதியியல் ஆய்வகத்தில் ஹைப்போ என்றால் சோடியம் தயோசல்ஃபேட். புதிதாகச் சேர்ந்தவர் மூன்றையும் குழப்பிக்கொண்டால் அது அவர் தவறல்ல. எந்த ஹைப்போ என்று கூச்சப்படாமல் திரும்பக் கேளுங்கள்.

தொலைபேசியில் ரிசல்ட் சொல்வது இன்னும் ஆபத்து. என் மாணவி ஒருத்தி பயிற்சிக் காலத்தில் லேபிலிருந்து வார்டுக்கு அழைத்து ‘ஹைப்போகேலீமியா’ என்று சொன்னாள், அந்தப் பக்கம் இருந்தவர் ‘ஹைப்பர்’ என்று எழுதிக்கொண்டார். எண் என்ன என்று அவர் கேட்டதால் தப்பித்தார்கள், 2.8 என்றதும் இருவருக்கும் புரிந்துவிட்டது. ஒன்றுக்குப் பொட்டாசியம் கொடுக்க வேண்டும், மற்றதற்குப் பொட்டாசியத்தை இறக்க வேண்டும், நேர் எதிர் வைத்தியம். அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரே முறைதான்: ‘பொட்டாசியம் குறைவு, இரண்டு புள்ளி எட்டு’ என்று சொல்லி, எதிரில் இருப்பவரைத் திரும்பச் சொல்ல வைப்பது. ஹைப்போ, ஹைப்பர் இரண்டும் காகிதத்தில் மட்டும் இருக்கட்டும்.

9. இப்போது நீங்களே நான்கு சொல்

நோட்டின் மூன்று பத்தியில் எழுதிப் பிரித்துவிட்டு விடையைப் பாருங்கள்: ஹைப்போவோலீமியா, ஹைப்போஃபாரிங்ஸ், ஹைப்போகேப்னியா, ஹைப்போபாராதைராய்டிசம்.

முதலாவது, உடலில் ஓடும் இரத்தத்தின் கன அளவு குறைவு, பெரிய இரத்தப்போக்கில் வருவது. இரண்டாவதில் ஃபாரிங்ஸ் தொண்டை, உறுப்பு, ஐசம் இல்லை, ஆகவே இடம்: தொண்டையின் கீழ்ப்பகுதி. மூன்றாவது, இரத்தத்தில் கரியமில வாயு குறைவு. வால் ஈமியா இல்லையே என்று தயங்கியிருந்தால் நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள், இந்தச் சொல் அந்த வால் இல்லாமலே இரத்தத்தைக் குறிக்கிறது.

நான்காவதில் பலர் நின்றுவிடுவார்கள், ஏனென்றால் தலை இரண்டு. வெளித்தலையை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே பாருங்கள். பாரா என்றால் பக்கத்தில், பாராதைராய்டு என்பது தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சின்னச் சுரப்பிகள், பொதுவாக நான்கு. அதோடு ஐசம், ஆகவே அவற்றின் வேலை குறைந்த நிலை. அவை சுரக்கும் ஹார்மோன்தான் இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிப் பிடிக்கிறது. அது குறைந்தால் ரிப்போர்ட்டில் எந்த எண் இறங்கும், அதற்கு என்ன பெயர் என்பதை நான்காவது படியிலேயே எழுதிவிட்டீர்கள்.